வாத்தை வெல்ல நான் செய்த காரியம்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் இரண்டு பேர் சௌக்கியம். அங்கே உன் முட்டிவலியும் அத்தானின் சர்க்கரையும் சொன்ன பேச்சு கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அத்தான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. உன்னிடம் சொல்லவே நாக்கு கூசுகிற விஷயத்தை அவர் வேறு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றே நாளில் வந்துவிட வேண்டும் என்று நீ என்னை அனுப்பி இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. எதற்கு அனுப்பினாய் என்பது மறந்துவிடவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் நம் தங்கை சின்னவளுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை, தப்பித்தவறி எடுத்த ஒரு நாளும் பேசாமல் பக்கத்தில் வைத்துவிட்டாள், "இன்னைக்கு உங்கள கீழ தள்ளாம விடமாட்டேன்" என்று அவள் கத்துவதும், "வேணாம், வேணாம், ஐயோ" என்று நம்ம மாப்பிள்ளை அலறுவதும் தெளிவாகக் கேட்டது என்றாய். உட்கார்ந்த இடத்தில் பல்செட் செய்து கொடுத்துப் பிழைக்கிற அந்தச் சாது மனுஷன் மேல் நம் வீட்டுப் பெண் கை நீட்டுகிறாளோ என்று நீ பயந்தாய். நானும் பயந்தேன். அவள் நாலு வயதில் கடித்த தழும்பு என் முழங்கையில் இன்னும் இருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாகத் திடீரென்று நுழைந்து தராசைப் பிடித்தவன் என்பதால், முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வா என்றாய்.

முன்னறிவிப்பில்லாமல்தான் வந்தேன். இரண்டாவது மாடி. கதவுக்கு வெளியே நிற்கும்போதே, "அடி, அடி, விடாத, பிடிச்சுத் தள்ளு" என்று சின்னவளின் குரல். எட்டு முறை மணி அடித்தும் யாரும் திறக்காததால் கதவைத் தள்ளிக்கொண்டு, "நிறுத்துங்க" என்று ஆபீஸ் குரலில் கத்தியபடி உள்ளே பாய்ந்தேன். அக்கா, இரண்டு பேரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் கன்ட்ரோலர். எதிரே டிவி. அதில் ஒரு வாத்து கரண்டியால் ஒரு ரயில் எஞ்சினை அடித்துக்கொண்டிருந்தது. நம் தங்கை தலையைக்கூடத் திருப்பாமல், "வாங்கண்ணா, உக்காருங்க. ரெண்டே நிமிஷம், இவர முடிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். மாப்பிள்ளை மட்டும் மரியாதைக்காக, "வாங்க மச்சான்" என்று எழுந்து நின்றார். எழுந்த அந்த ஒரு விநாடியில் அவருடைய எஞ்சின் ஆகாயத்தில் பறந்து போய்விட்டது. "பாத்தியா, உங்க அண்ணன் வந்த நேரம்" என்று அவர் என்னைப் பார்த்தே சொன்னார்.

அவர்கள் பெண் படிப்புக்காக விடுதிக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன மெஷினாம். விஷயம் அவ்வளவுதான், அடிதடி எதுவுமில்லை என்று உனக்கு அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் போனதற்குக் காரணம், நான் அந்த ஆட்டத்தைச் சோதனை போட ஆரம்பித்ததுதான். பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. நாலு கிலோ வாத்தும் நாற்பது டன் எஞ்சினும் ஒரே மேடையில் சண்டை போடுவது எந்த ஊர் நியாயம்? தவிர, வாத்து பண்ணைக் கதையிலிருந்து வந்ததாம், எஞ்சின் குழந்தைகளுக்கான ரயில் ஆட்டத்திலிருந்து வந்ததாம், ஈட்டியோடு ஒரு ராணி போர்க் கதையிலிருந்து, கிரகம் கிரகமாகப் பார்சல் கொடுக்கும் ஒரு தபால்காரர் ஏதோ விண்வெளிக் கதையிலிருந்து. ஒருவருக்கொருவர் அறிமுகமே கிடையாது. "இவங்களுக்குள்ள என்னம்மா தகராறு? எதுக்கு அடிச்சிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"தகராறு எல்லாம் இல்லண்ணா. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கதையில பெரிய ஆளு. அவங்களச் சுத்தித்தான் அங்க எல்லாமே நடக்கும். இங்க வந்தா எல்லாருக்கும் ஒரே பலகை. கதை, கௌரவம் எல்லாத்தையும் செருப்போட வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்றாள்.

அது என்னைச் சொல்வதுபோல் இருந்தது. ரிட்டையராகிற வரை நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். இப்போது நான் பேசினாலும் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. அதனால் மேற்கொண்டு விசாரித்தேன். அப்போது மாப்பிள்ளை சொன்ன ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன் அக்கா. "இதுல அடி வாங்க வாங்க ஆளோட எடை கொறையும் மச்சான். நிறைய வாங்கினவன் பஞ்சு மாதிரி ஆயிடுவான், லேசாத் தட்டினாலே பலகைய விட்டுப் பறந்துடுவான். ஆனா பறந்தாலும் சாமர்த்தியம் இருந்தா திரும்பி வந்து ஓரத்தைப் பிடிச்சுக்கலாம். கீழ போய்ச் சேர்ற வரைக்கும் தோல்வி கிடையாது." எடை! என் வாழ்நாளில் எடை குறைவதைக் குற்றமாக மட்டுமே பார்த்தவன் நான். அது ஒரு விளையாட்டாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. "சும்மா ஒரு தடவை, எப்படி இயங்குதுன்னு பாக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

தபால்காரரைத் தேர்ந்தெடுத்தேன். அரசாங்க உத்தியோகஸ்தர் என்ற பாசம். முதல் நாள் அவரை யாரும் அடிக்கத் தேவையிருக்கவில்லை, பதினொரு முறை அவரே நடந்து போய்ப் பலகையிலிருந்து விழுந்தார். இரண்டாம் நாள் தவறான பொத்தானை அமுக்கியதில் மெஷின் ஏதோ ஒரு மொழியில் பேச ஆரம்பித்து, அதைத் திருப்பிக் கொண்டுவர மாப்பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஆனது. நாலாம் நாள், டிவிக்குள் தபால்காரர் குனிய வேண்டிய இடத்திலெல்லாம் வெளியே நானும் குனிந்து, வளைந்து, கடைசியில் துள்ளி உட்கார்ந்த இடத்தில், மாப்பிள்ளை காயவைத்திருந்த கீழ்வரிசைப் பல்செட் ஒன்று இருந்தது. முன்பின் அறியாத ஒரு மனிதரின் பற்கள் என்னை எங்கே கடித்தன என்பதைப் பெரியவளான உனக்கு எழுத முடியாது. மறுநாள் அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் வந்தபோது, "மெஷின்ல சின்னக் கோளாறு" என்று மாப்பிள்ளை சொன்னார். நான் உள்ளறையில் நின்றபடி, ஏனென்றால் உட்கார முடியவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. கீழ் வீட்டில் ஒரு புரூஃப் ரீடர் இருக்கிறார், வீட்டிலேயே உட்கார்ந்து பிழை திருத்துகிறவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். தினமும் சாயங்காலம் 'தள்ளு, தள்ளு'ன்னு சத்தம் வருது. பீரோ ஏதாவது நகத்துறீங்களா?" என்றார். அறுபத்து இரண்டு வயதில், வாத்தைத் தள்ளுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாங்க, பீரோதான்" என்றேன். "ஒரு வாரமாவா? சொல்லியிருக்கக் கூடாதா, வாங்க நானும் ஒரு கை பிடிக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். என்ன செய்வது? நாலு பேரும் சேர்ந்து, இடம் மாற வேண்டிய அவசியமே இல்லாத பீரோவைச் சமையலறை வாசல் வரைக்கும் நகர்த்தினோம். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது. எல்லோரும் பக்கவாட்டில் நடந்துதான் சமையலறைக்குள் போகிறோம்.

இப்படிப் பத்தொன்பது நாள் தோற்றேன். ஒரு நாளைக்கு எட்டு ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும் நூற்றைம்பதைத் தாண்டும். ஏன் விடாமல் ஆடினாய் என்று கேட்பாய். தோற்றால் அழுகை வராத ஆட்டம் அது அக்கா, அதுதான் அதன் மாயம். பார்சலை எறிகிறோம், அது மெஷினே ஆட்டுகிற ராணியின் மேல் பட்டுத் திரும்பி எஞ்சினின் மேல் விழுந்து எஞ்சின் என் மேல் விழுகிறது. யார் யாரை அடித்தது என்று யாருக்கும் தெரியாது, மூன்று பேரும் சிரிக்கிறோம், அதற்குள் மறு ஆட்டம் வந்துவிடுகிறது. தோற்றவனை உட்கார வைத்து யோசிக்க விடுவதில்லை. ஒரு பொத்தானில் அடி, ஒரு பொத்தானில் தாவல், அவ்வளவுதான், எனக்கே இரண்டு நாளில் கை பழகியது. ஆனால் சின்னவள் அதே இரண்டு பொத்தான்களில் என்னென்னவோ செய்கிறாள். எலும்பு முறிவு வார்டில் நர்சாக நாளெல்லாம் அடுத்தவர் கால் கையைத் தூக்கிப் பிடித்துவிட்டு வந்து, ஆறரைக்கு உட்கார்ந்தாளானால் அந்த வாத்து அவள் கையில் வாத்தாக இருப்பதில்லை.

ஒரு நாள் மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தபோது அவள் சொன்னாள்: "பொண்ணு போனப்புறம் இந்த வீட்ல பேச ஒண்ணுமே இல்லாம போச்சுண்ணா. அவரு பல்ல ராவிக்கிட்டு இருப்பாரு, நான் துணி மடிப்பேன். 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்'. அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. தூசி தட்டலாம்னு ஒரு நாள் இத ஆன் பண்ணோம். அன்னைக்கு அவரு கத்தினாரு பாருங்க, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல அந்தக் குரல நான் கேட்டதே இல்ல." அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சின்ன வயசுல நீங்களும் அக்காவும் என்னை ஒப்புக்குச் சப்பாணியாத்தானே வெச்சிருந்தீங்க? நான் அவுட்டானாலும் கணக்கில்ல, ஜெயிச்சாலும் கணக்கில்ல. இப்ப நீங்கதான்ணா இங்க ஒப்புக்குச் சப்பாணி."

அக்கா, அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உள்ளே போய்க் குத்திவிட்டது. இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மறுநாள் பகலில் அவள் ஆஸ்பத்திரிக்கும் மாப்பிள்ளை பல் டாக்டரிடம் வேலை வாங்கவும் போயிருந்தார்கள். நான் மெஷினைப் போட்டு செட்டிங்ஸ் என்ற பக்கத்துக்குள் போனேன். அங்கே ஆடுகிறவர்களின் வரிசை, அதன் எதிரே ஒவ்வொருவருடைய அடிக்கும் எவ்வளவு பலம் என்ற எண். எல்லோருக்கும் நூறு. சோபாவில் முதலில் சின்னவள், நடுவில் மாப்பிள்ளை, மூன்றாவது நான். மூன்றாவது வரியில் நூறை நூற்று முப்பது ஆக்கினேன். எத்தனை கடைகளில் தராசின் தட்டுக்கு அடியிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி எடுத்திருப்பேன்! அந்தக் கை, அக்கா, இதே கைதான்.

அன்று சாயங்காலம் ஜெயித்தேன். வாத்து ஆகாயத்தில் புள்ளியாகிப் போனபோது எழுந்து நின்று, எனக்கே தெரியாமல் கைகளைத் தூக்கி ஆடினேன். மாப்பிள்ளை என் முதுகில் தட்டினார். சின்னவள், "பரவாயில்லண்ணா, கத்துக்கிட்டீங்களே" என்று மனதாரச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைக் கூச்சமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாளும் ஜெயித்தேன். மூன்றாம் நாளும் ஜெயித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கணிப்புதான். கண்ணும் கையும் ஒண்ணாப் போகணும்" என்று அவர்களுக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

அன்றைக்குச் சின்னவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் எதிரிலேயே செட்டிங்ஸைத் திறந்தாள். வரி வரியாகக் கீழே இறங்கிப் பார்த்தாள். பிறகு டிவியைப் பட்டென்று அணைத்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"நூத்தி முப்பது. நீங்கதானே?"

மாப்பிள்ளை ஒரு தரம் என்னைப் பார்த்தார். நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்து வரி விளம்பரம் படித்தேன்.

"ஆமா, நான்தான்" என்றார் அவர்.

"கூடவே உக்காந்து ஆடிட்டு, என்கிட்டயே இப்படிப் பண்ண எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள். ஆறரைக்கு டிவி கறுப்பாக இருந்தது. அவர் பல்லை ராவினார், அவள் துணி மடித்தாள். "அண்ணா, அவருக்குச் சாப்பாடு போடட்டுமான்னு கேளுங்க." "மச்சான், அப்புறம் சாப்பிடறேன்னு சொல்லிடுங்க." நான் இடையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன், பேச்சே இல்லாமல் போன வீடு என்று அவள் சொன்னது எப்படி இருந்திருக்கும் என்று கண்ணால் பார்த்துக்கொண்டு. கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னைப் பார்த்து, "பீரோ வேலை முடிஞ்சுதா சார்? ரெண்டு நாளா சத்தமே இல்ல, எனக்கு வேலையே ஓடல" என்றார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்கறிக்காரரின் தராசைப் பறிமுதல் செய்தபோது, கடை முன்னால் கூட்டம் சேர்த்து, "இந்த வயசுல வெக்கமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது அதை நடிப்பு என்று நினைத்தேன். இப்போது குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கும் துண்டைத் தேடிக் கை போனது.

நேற்று சாயங்காலம் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், ஆனால் கண்ணாடியை மறந்துவிட்டதால் படிக்க வரவில்லை. "நான்தாம்மா பண்ணேன். என் பலத்த நான்தான் ஏத்திக்கிட்டேன். மாப்பிள்ளை மேல தப்பே இல்ல. நீ அவரக் கேட்டப்ப நான் இங்கயேதான் இருந்தேன்" என்றேன்.

"உங்க பலத்தையா?" என்றாள் சின்னவள்.

"ஆமாம்மா."

"எந்த வரிண்ணா?"

"மூணாவது."

அவள் என்னையே பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். விருட்டென்று எழுந்து, பீரோவை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து சமையலறைக்குள் போய்விட்டாள். முதுகு குலுங்குவது தெரிந்தது. கூடப் பிறந்தவளை அழ வைத்துவிட்டேனே என்று நினைத்தேன். மாப்பிள்ளையிடம், "நீங்க ஏன் மாப்ள ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். அவர் கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முதல் நாள் ஜெயிச்சப்ப ஆடினீங்களே மச்சான், அந்த முகத்தோட உங்கள நான் பாத்ததே இல்ல. அத உங்ககிட்டேருந்து பிடுங்க எனக்கு மனசு வரல. அவ கோபம் நாலு நாளைக்கு. எனக்குப் பழக்கம்தானே."

அக்கா, நாம் பயந்ததெல்லாம் இந்த மனுஷனுக்காக.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மெஷினைப் போட்டாள். முதல் ஆட்டத்திலேயே எஞ்சின் பறந்தது. "ஐயோ, கொல்றாளே" என்று அவர் அலறினார். எனக்கும் ஒரு கன்ட்ரோலரை நீட்டினாள். நான் வாங்கவில்லை. வாங்குகிற தகுதி எனக்கு இல்லை. சோபாவின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன்.

ஆகவே உனக்கு நான் தாக்கல் செய்யும் அறிக்கை இதுதான்: இந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. தினமும் அடித்துக்கொள்வதால்தான் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். குற்றம் செய்தது விசாரிக்க வந்தவன் மட்டும். நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறேன். இனி அந்தக் கன்ட்ரோலரைத் தொடமாட்டேன் என்பது உனக்கு நான் தரும் வாக்கு. நான் வந்ததும் எதுவும் கேட்காதே, எப்போதும்போல ஒரு தம்ளர் காப்பி கொடு, போதும்.

உன் முட்டி வலி விலகி மாடிப்படி ஏறி இறங்கவும், அத்தான் இனிப்பை மறந்து நீண்ட ஆயுளோடு இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புக்குத் தகுதியில்லாத தம்பி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு, பசையை நாக்கால் நனைக்கும் நேரத்தில் சின்னவள் வந்து, "அதுக்குள்ள ஒட்டிடாதீங்கண்ணா, இதப் பாத்துட்டு ஒட்டுங்க" என்று டிவியைப் போட்டுக் காட்டினாள். சோபாவில் உட்காரும் வரிசைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லையாம். நான் வைத்திருந்த கன்ட்ரோலர் இரண்டாம் எண். மூன்றாம் எண் மாப்பிள்ளையுடையது. அவருடைய வரியில் நூற்று முப்பதைப் பார்த்துத்தான் அன்றைக்கு அவரைப் பிடித்திருக்கிறாள். நேற்று சமையலறையில் அவள் அழவில்லை. ஆக, அக்கா, எண்ணத்தில் நான் திருடன்தான், ஆனால் கையில் யோக்கியன். மூன்று நாளும் வெறும் நூறை வைத்துக்கொண்டு, என் சொந்தத் திறமையில், நேர்மையாக வாத்தை வென்றிருக்கிறேன். பாவம் மாப்பிள்ளைதான். நூற்று முப்பது பலத்தோடு மூன்று நாளும் கடைசியாக வந்திருக்கிறார், விஷயம் தெரிந்ததிலிருந்து பல் ராவும் அறையை விட்டு வெளியே வராமல் இருக்கிறார். ஒரு நல்ல மனிதரை இவ்வளவு வெட்கத்தில் தனியாக விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புவது தர்மமாகாது என்பதால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.